ஸ்மக் என்ற சொல்லின் முதல் சீட்டு

அகராதி அலுவலகம்
1903 பிப்ரவரி 9

அன்புள்ள டார்கஸ் அக்காவுக்கு,

மூன்று வருடம் எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். இது வேலை விஷயமான கடிதம். அப்படிச் சொல்லிக்கொண்டால் பேனா தானாக ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. இது நான்காவது தாள்.

எங்கள் ஆங்கில அகராதி எஸ் எழுத்தின் நடுவே வந்து நிற்கிறது. இந்த மாதம் என் மேஜைக்கு வந்திருக்கும் சொல் ஸ்மக். தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, உள்ளுக்குள் திருப்தியாக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து நாம் சொல்வோமே, அந்தச் சொல். தேசம் முழுவதிலுமிருந்து உன்னைப் போன்ற வாசகர்கள் பழைய புத்தகங்களைப் படித்து, இந்தச் சொல் வரும் வாக்கியங்களை எடுத்தெழுதி அனுப்பிய சீட்டுகள் இருநூற்றுக்கு மேல் இருக்கின்றன. அர்த்தம் வாரியாகக் குவியல் போட்டிருக்கிறேன். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இது நல்ல சொல்லாக இருந்திருக்கிறது என்றால் நம்புவாயா? துப்புரவு, நேர்த்தி, சீவி முடித்த தலை, அவ்வளவுதான் பொருள். அழகான பெண்ணையும் சொன்னார்கள், மினுக்கிக்கொண்டு திரிந்த ஆணையும் சொன்னார்கள். ஒரு காலத்தில் கொல்லனுக்கு அது செல்லப்பெயர். நம் காலத்தில் திருட்டுப்பயல்கள் பொருளைச் சுருட்டுவதற்கும் அதையே சொல்கிறார்கள். கல்லூரிகளில், விளையாடப் போகாமல் புத்தகமும் கையுமாக இருப்பவர்களுக்கு அதுதான் பட்டப்பெயர்.

நேர்த்தியைக் குறித்த சொல் எப்போது தற்பெருமைக்கு மாறியது என்பதுதான் ஆசிரியர் டாக்டர் ப்ரூயிட்டின் கேள்வி. எங்களிடம் இருந்த முதல் சாட்சி 1701. உன் சீட்டு அதற்கு ஏழு வருடம் முந்தியது. ஒபதையா த்விங் என்ற போதகரின் 'பன்னிரண்டு பிரசங்கங்கள்', 1694, பக்கம் 83:

"தன் சகோதரியின் குற்றத்தையே முகம் பார்க்கும் கண்ணாடியாக வைத்துக்கொண்டு அவள் எத்தனை ஸ்மக்காக நின்றாள்."

டாக்டர் அதைப் படித்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு சொல்லின் தலையில் நிற்கப்போகும் மேற்கோளை, சீட்டு எழுதியவரைத் தவிர இன்னொரு கண்ணும் புத்தகத்திலேயே பார்த்தாக வேண்டும் என்பது இங்கே விதி. நாங்கள் கேட்ட எந்த நூலகத்திலும் அந்தப் புத்தகம் இல்லை. அப்பாவின் அலமாரியில் இருந்த பிரதிதான் போலிருக்கிறது. தயவுசெய்து தபாலில் அனுப்பிவை. மார்ச் 14 அன்று அந்தப் பக்கம் அச்சுக்குப் போகிறது.

ஈனாக் அத்தானுக்கு என் வணக்கம்.

திர்ஸா


ஹல்
பிப்ரவரி 12

திர்ஸாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். ஈனாக்குக்கும் படித்துக் காட்டினேன். கப்பல் பாய் தைக்கிற ஊசியை வாயில் வைத்துக்கொண்டே, "உன் தங்கச்சி ஒரு புஸ்தகத்துக்காவது வாயத் தொறந்தாளே" என்றார். அவர் சும்மா சொன்னது, எனக்குச் சுருக்கென்றது.

புத்தகத்தைத் தபாலில் அனுப்ப மாட்டேன். காரணம் உனக்கே தெரியும். நீ அந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வருடம், அப்பாவின் கடற்பயணப் புத்தகத்தை இரவல் கேட்டாய். அனுப்பினேன். திரும்பி வந்தது அட்டையும் பத்துப் பன்னிரண்டு தாளும். மிச்சத்தை நீங்கள் எல்லோரும் கத்தரிக்கோலால் நறுக்கிச் சீட்டில் ஒட்டிவிட்டீர்கள், கையால் எழுதச் சோம்பல்பட்டு. அப்பா அப்போது படுக்கையில். வாதம் வந்து பேச்சு போயிருந்தது. அந்த அட்டையை மார்பின் மேல் வைத்து, உள்ளே கையை விட்டு விட்டுத் தேடினார். அதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை.

புத்தகம் இங்கே இருக்கிறது. படிக்க வேண்டுமென்றால் நீ இங்கே வா. எட்டு ஐம்பது ரயிலில் ஏறினால் இரண்டரைக்கு வந்துவிடலாம்.

இன்னொன்று. உன் சொல் எங்கே பிறந்தது என்று உங்கள் டாக்டர் தேடிக்கொண்டிருந்தால் இதையும் சொல். எங்கள் தெருவில் ஹின்ரிக் என்று ஒரு கப்பல் தலைவர் தங்குவார், ஜெர்மனியில் எல்பே ஆற்றுக் கரைக்காரர். காலையில் நான் வாசற்படியைத் தேய்த்து வெள்ளைக்கல் பூசி முடித்ததும் தொப்பியைத் தூக்கி "ஸ்முக், ஸ்முக்" என்பார். அழகு, நேர்த்தி என்று அவர்கள் பேச்சில் அர்த்தமாம். "மிதிக்க மனசே வரலம்மா" என்று தாண்டிப் போவார். அவர்கள் நாட்டில் நல்ல வார்த்தையாகவே இருந்துகொண்டிருக்கிறது. நம் ஊருக்கு வந்துதான் கெட்டுப்போயிருக்கிறது போல.

டார்கஸ்


அகராதி அலுவலகம்
பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

கத்தரிக்கோல் விஷயம் உண்மைதான். அந்த வருடம் எல்லோரும் அப்படித்தான் செய்தோம், யாரும் தடுக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அப்பா தேடினார் என்று நீ அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதாமல் இத்தனை வருடம் வைத்திருந்து இன்றைக்கு எடுத்துப் போட்டிருக்கிறாய்.

கப்பல் தலைவரின் சொல்லை டாக்டரிடம் சொன்னேன். வடக்கு ஜெர்மன் கரையோரப் பேச்சிலிருந்துதான் இது வந்திருக்க வேண்டும் என்று அவருக்கும் ஊகம். உயிரோடிருக்கிற மனிதர் வாயிலிருந்து, அதுவும் ஒரு வாசற்படியைப் பார்த்து வந்தது என்றதும் சிரித்துவிட்டார். நம் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் நீ இப்படி ஒரு காரியம் செய்துகொண்டிருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்பது வருடத்தில் ஆறாயிரம் சீட்டு. இந்தத் தொகுதியின் முன்னுரையில் வாசகர்கள் பெயர்ப்பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. நானே ப்ரூஃப் பார்த்தேன்: 'திருமதி டார்கஸ் வீல்டன், ஹல்'.

வரச் சொல்கிறாய். வாரத்தில் ஆறு நாளும் இங்கே மேஜை என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. அதனால் வேறொரு வழி. உங்கள் சபையின் இப்போதைய போதகரை வீட்டுக்கு அழைத்து 83ஆம் பக்கத்தைக் காட்டு. 'பார்த்தேன், சரி' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். புத்தகம் வீட்டை விட்டு அசைய வேண்டாம். கத்தரிக்கோலும் பக்கத்தில் வராது.

நான் வந்தால்தான் என்ன, எந்த வாசல் வழியாக வருவது? அப்பாவை அடக்கம் செய்த அன்று நான் பெட்டியோடு வந்து நின்றபோது நீ படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "படி ஈரமா இருக்கு, பின் சந்து வழியா வா" என்றாய். என் அப்பாவின் சாவுக்கு, கரிக்கொட்டகையையும் குப்பைத் தொட்டியையும் தாண்டி நான் உள்ளே வந்தேன். அதை நீ மறந்திருப்பாய்.

திர்ஸா


ஹல்
பிப்ரவரி 20

திர்ஸாவுக்கு,

போதகரை அழைக்க மாட்டேன். அந்தப் பக்கத்தை ஊராருக்குக் காட்ட மாட்டேன். ஈனாக்குக்கே காட்டவில்லை. ஏன் என்று கடிதத்தில் கேட்காதே, கடிதத்தில் சொல்வதாக இல்லை.

சீட்டில் என் கையெழுத்து இருக்கிறது. ஆறாயிரம் சீட்டு எழுதியிருக்கிறேன் என்று நீதான் எண்ணிச் சொல்கிறாய். காலையில் அப்பாவைத் தூக்கித் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு, அவர் கண்ணயர்ந்த நேரத்தில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதியவை அதில் பாதி. அடுப்பில் கருவாடு தீய்ந்துபோன நாளும் உண்டு. ஒரு நாளும் புத்தகத்தில் இல்லாததை எழுதியதில்லை.

பின் சந்தை நான் மறக்கவில்லை. நீ சொல்லாமல் விட்டதையும் மறக்கவில்லை. உள்ளே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கணப்பு மாடத்தின் முன் நின்று, நான் அச்சடித்து வைத்திருந்த துக்க அட்டையை எடுத்துப் படித்துவிட்டு, "ஒரு வினைச்சொல் தப்பா இருக்கு அக்கா" என்றாய். ஏழு வருடம் ஒரு மனிதரைக் குழந்தை போலத் தூக்கியவளிடம் நீ பேசிய முதல் பேச்சு அது. பிறகு அமைதியான சாவு, பாக்கியமான சாவு என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய். எவ்வளவு அமைதி என்று என் தோள்பட்டையைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சாயங்கால வண்டிக்குப் போய்விட்டாய்.

வாசலில் உன்னிடம் நான் ஒரு வார்த்தை சொன்னேன். சொன்னதற்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை என்று எழுத ஆசை. பொய் எழுத வரவில்லை.

புத்தகம் மேஜை மேல் இருக்கிறது. வா.

டார்கஸ்


அகராதி அலுவலகம்
மார்ச் 2

அக்கா,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை மனதில் எழுதி எழுதி அழிக்கிறேன். மேஜையில் ஐந்து நிமிடம் தொடர்ந்து உட்கார முடியவில்லை. சீட்டுகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருக்கிறேன் என்று பக்கத்து மேஜைக்காரர் புகார் சொல்லிவிட்டார்.

நீ அன்று வாசலில் சொன்ன வார்த்தையை இருவருமே எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறோம். நான் எழுதிவிடுகிறேன். "மூஞ்சியப் பாரு, எவ்வளவு ஸ்மக்கா நிக்கிறா" என்றாய். அதையும் என்னிடம் சொல்லவில்லை, நான் காதால் கேட்கும்படி அத்தானிடம் சொன்னாய். கல்லூரியில் என் அறைக்கதவில் சாக்குக்கட்டியால் அதே சொல்லை மூன்று முறை எழுதியிருந்தார்கள். துறைமுகச் சபையின் போதகர் மகள், ஓயாமல் படிக்கிறவள், தேநீருக்குக்கூட வராதவள். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். அதே சொல்லை நம் வீட்டு வாசலில் உன் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப்பார்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். மூலையில் உன் கையால் தேதி போட்டிருக்கிறாய்: 1901 நவம்பர். நம் சண்டைக்குப் பிறகு. வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சகோதரியின் குற்றம். கண்ணாடி. ஸ்மக்காக நின்றாள். கணப்பு மாடத்தின் மேல் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் முன்னால் நின்றுதான் உன் துக்க அட்டையில் குற்றம் கண்டுபிடித்தேன். இருநூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு போதகருக்கு நம் வீட்டு முன்னறை எப்படித் தெரிந்தது?

எந்த நூலகத்திலும் இல்லாத புத்தகம். தபாலில் வராது. போதகருக்குக் காட்ட மாட்டாய், கட்டிய கணவருக்கே காட்ட மாட்டாய். நீ என் இடத்தில் இருந்தால் என்ன நினைப்பாய்?

கோபத்தில் எழுதிவிட்டாய் என்றால் எனக்குப் புரியும். உலகம் இருக்கும்வரை இருக்கப்போகிற ஒரு புத்தகத்தில் தங்கையை அடைத்து வைக்க ஒரு அக்காவுக்குத் தோன்றலாம். ஒப்புக்கொள். அந்தச் சீட்டு தொலைந்தது என்று டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்கும் தெரியாது. 14ஆம் தேதிக்குள் ஒரு வரி எழுது.

திர்ஸா


ஹல்
மார்ச் 5

புத்தகம் மேஜை மேல் இருக்கிறது. எட்டு ஐம்பது ரயில். நான் ஒப்புக்கொள்ள ஒன்றும் இல்லை.

டார்கஸ்


அகராதி அலுவலகம்
மார்ச் 17

அக்கா,

பக்கம் அச்சேறிவிட்டது. உன் சீட்டு அதில் இல்லை. அந்தப் பொருளுக்கு முதல் மேற்கோள் 1701 என்றே இருக்கிறது.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்க வேண்டாம். 13ஆம் தேதி மாலைவரை தபாலைப் பார்த்தேன். பிறகு டாக்டரின் அறைக்குப் போய், இந்தச் சீட்டை நம்ப முடியவில்லை என்றேன். தொலைந்தது என்று சொல்வதாகத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. உண்மை என்று நான் நினைத்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"அந்தம்மா எழுதினதுல ஒண்ணு பொய்னா, மத்த ஆறாயிரத்த நாம என்ன பண்றது?" என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு சீட்டைத்தான் எடுக்கிறோம் என்று நினைத்தேன். உன்னுடைய எல்லாச் சீட்டையும் மீண்டும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க உத்தரவாகியிருக்கிறது. அதுவரை முன்னுரையில் உன் பெயர் இருக்க முடியாது என்று அடித்துவிட்டார். ப்ரூஃபில் அந்தக் கோட்டைப் போட்ட பேனா என்னுடையது. அவர் சொல்ல, நான் போட்டேன்.

நான் செய்தது சரி. விதிப்படி சரி. அன்றிலிருந்து அந்த ப்ரூஃபை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். நீ திட்டி எழுது. எதுவும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

திர்ஸா


ஹல்
மார்ச் 19

திர்ஸாவுக்கு,

இதோடு 83ஆம் பக்கத்துத் தாள் இருக்கிறது. தையல் கத்தரியால் நானே வெட்டினேன். உங்களிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்ததைக் கடைசியில் நானே நறுக்கினேன். உங்கள் டாக்டரிடம் கொடு. பூதக்கண்ணாடி வைத்து அச்சைப் பார்க்கட்டும், தாளை முகர்ந்து பார்க்கட்டும்.

நீ படிக்கும்போது மேலே தலைப்பையும் பார். அது ஏழாம் பிரசங்கம். மார்த்தாளும் மரியாளும். சீட்டில் வாக்கியத்தையும் பக்கத்தையும்தானே எழுதச் சொல்கிறீர்கள், தலைப்பு எழுத இடம் ஏது? போதகர் திட்டுவது மரியாளை இல்லை, மார்த்தாளை. வீட்டு வேலை எல்லாம் தன் தலையில் என்று கர்த்தரிடம் போய்த் தங்கச்சியைப் பற்றிக் கோள் சொன்னாளே, அவளை. பாத்திரமெல்லாம் பளபளவென்று துலக்கி வைத்துவிட்டு, தங்கச்சி துலக்கவில்லை என்பதிலேதான் அவளுக்கு நிம்மதி என்கிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். உன் நெஞ்சு குறுகுறுத்து, இருநூறு வருடத்துக்கு முந்தின பிரசங்கமே உன்னைப் பற்றியதாகிவிட்டது.

இப்போது ஓரத்தைப் பார். பென்சில்.

சின்ன வயதில் அப்பா வேதத்திலும் பிரசங்கத்திலும் நம் இருவருக்கும் பொருந்துகிற இடத்தில் ஓரத்தில் எழுத்துப் போடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு 'தி', எனக்கு 'டா'. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த இடத்தை நாம் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். சோம்பேறியைப் பற்றி எங்கே வந்தாலும் உனக்கு. இது இடது கையால் போட்டது, கோணலாக இருக்கிறது. வலது கை செத்த பிறகு. 'டா'.

கடைசி மாதங்களில் இந்தப் புத்தகத்தைத்தான் தலையணைப் பக்கத்தில் வைத்திருந்தார். கஞ்சி ஊட்டும்போதும் முதுகு துடைக்கும்போதும் நான் உன்னைப் பற்றியேதான் பேசினேன். "உங்க சின்ன மக இந்த மாசமும் எழுதல. உங்க சின்ன மகளுக்கு உங்களப் பாக்க நேரமில்ல." ஒரு நாள் விடாமல். அவருக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. பென்சில்தான் இருந்தது.

அவர் போய் இரண்டு வருடம் கழித்து, அகராதிக்காகப் படிக்கும்போதுதான் இதைக் கண்டேன். புத்தகத்தை அடுப்பில் போட்டிருப்பேன். ஆனால் வாக்கியத்தில் உங்கள் சொல் இருந்தது. தேதி பழையதாக இருந்தது. நல்ல சீட்டு அது. அதனால் எழுதி அனுப்பினேன். ஆறாயிரத்தில் எழுதக் கஷ்டப்பட்டது இந்த ஒன்றுதான். அதைப் பொய் என்று சொல்லிவிட்டாய்.

உன்னை ஏன் வரச் சொன்னேன் என்று இப்போதாவது புரிகிறதா? அப்பாவின் கையெழுத்தை அறிந்தவள் நீ ஒருத்திதான் மிச்சம். நீ வந்து பார்த்து, "இல்லக்கா, இது அப்பா சும்மா போட்டது" என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று நினைத்தேன். அதைக் கேட்கத்தான் புத்தகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டேன். உனக்கு மேஜை இருந்தது.

என் பெயர் போனது போகட்டும். ஈனாக்கிடம் முன்பே சொல்லியிருந்தேன், முன்னுரையில் வருகிறது என்று. அவர் பாய்மரக் கிடங்கு முழுக்கச் சொல்லிவிட்டார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

டார்கஸ்


அகராதி அலுவலகம்
மார்ச் 23

அக்கா,

தாள் சனிக்கிழமை வந்தது. உறையைப் பிரித்தது டாக்டரின் முன்னால்தான், வேண்டுமென்றே. அவர் அச்சைப் பார்த்தார், தாளின் நீர்க்குறியை வெளிச்சத்தில் பார்த்தார். ஓரத்துப் பென்சிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நல்ல மேற்கோள். நம்மகிட்ட இருந்திருக்கணும்" என்றார். பிறகு, பத்தாயிரம் பிரதி அச்சாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். சீட்டு பிற்சேர்க்கைப் பெட்டிக்குள் போயிருக்கிறது. அந்தப் பெட்டியை எங்கள் ஆயுளில் யாராவது திறப்பார்களா என்று தெரியாது. உலகம் 1701 என்றுதான் படிக்கும். அடுத்த தொகுதியில் உன் பெயர் வரும். இதை அவர் கையாலேயே எழுதித் தந்திருக்கிறார், தாளோடு கொண்டுவருகிறேன். இதுவரை உன் சீட்டுகளில் நானூறு ஒப்பிட்டாகிவிட்டது. ஒரு காற்புள்ளிகூடத் தப்பவில்லை.

சொல்ல வேண்டியது இதுவல்ல. 'நின்றாள்' என்று வாக்கியத்தில் தெளிவாக இருக்கிறது. மரியாள் கர்த்தரின் பாதத்தண்டை உட்கார்ந்திருந்தாள், வந்து நின்றவள் மார்த்தாள். போதகர் வீட்டில் பிறந்து, சொல்லை எடைபோட்டுப் பிழைக்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை. என்னைத் தவிர வேறு யாரைப் பற்றியாவது அது இருக்கலாம் என்றே தோன்றவில்லை. ஐந்து குவியல் போட்டு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எழுதினேனே, உன்னைச் சந்தேகித்த நாளெல்லாம் நான் அந்தச் சொல்லுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. உன்னைப் பொய்க்காரி என்று ஒரு அந்நிய மனிதரிடம் போய்ச் சொன்னேன். என்னை மன்னி என்று கேட்கவும் வாய் வரவில்லை, கேட்கிறேன்.

பென்சில் எழுத்தைப் பற்றி. அப்பா சும்மா போட்டது என்று சொல்லச் சொல்கிறாய். நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய். அது அப்பாவின் 'டா'தான். யோசித்துத்தான் போட்டிருக்கிறார். ஆனால் தாளைத் திருப்பிப் பார்த்தாயா? நீ வாக்கியத்தோடு நிறுத்திவிட்டாய் என்று நினைக்கிறேன். நானும் எப்போதும் அப்படித்தான், சொல் கிடைத்ததும் பக்கத்தை மூடிவிடுவேன். 84ஆம் பக்கத்தில் த்விங் போதகர் மரியாளிடம் திரும்புகிறார். பாதத்தண்டையிலேயே உட்கார்ந்துவிட்டவளுக்கு, அன்றைக்கு எல்லோரும் யார் சமைத்ததைச் சாப்பிட்டார்கள் என்று தெரியுமா என்று கேட்கிறார். அந்த வரிக்கு நேரே, அதே கோணல் கையால் 'தி' இருக்கிறது. பென்சில் தாளில் பள்ளம் விழும்படி அழுத்தி எழுதியிருக்கிறார். உனக்குப் போட்டதைவிட அழுத்தம்.

நம் இருவரையும் ஒரே பக்கத்தில் போட இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தாளை நான் சீட்டில் ஒட்டவில்லை. இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். கிழிந்த புத்தகத்துக்குத் தாள் சேர்க்க இங்கே ஒருவரிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். மெல்லிய தாளும் மாவுப்பசையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை எட்டு ஐம்பது ரயிலில் வருகிறேன். டாக்டரிடம் ஒரு வாரம் கேட்டேன், இரண்டு வாரம் கொடுத்தார். பின் சந்து எனக்கு வழி தெரியும். கதவை மட்டும் தாழிடாமல் வை.

திர்ஸா


ஹல்
மார்ச் 25

திர்ஸாவுக்கு,

திருப்பிப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடம் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அழுதேன், திருப்பிப் பார்க்கவில்லை. ஈனாக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு பேரும் உங்கப்பா பொண்ணுங்கதான்" என்று சொல்லிவிட்டுப் பாய் தைக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமைக்கு மீன் வாங்கச் சொல்லியிருக்கிறேன். நான் சமைக்கிறேன். பாத்திரம் நீ துலக்கு.

திங்கட்கிழமையிலிருந்து வாசற்படியைத் தேய்க்கவில்லை. மூன்று நாளாக மழை, தெருச்சேறு முழுக்க அதன் மேல்தான் இருக்கிறது. இன்று காலை ஹின்ரிக் வந்து பார்த்து, எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார். சனிக்கிழமை வரைக்கும் தேய்ப்பதாக இல்லை.

முன் வாசல் வழியாக வா. நன்றாக மிதித்து வா.

டார்கஸ்